கடைசியாக ஊசி வந்து சேருகிறவள்
(ஆதரவாளர் கூடுகையில் பேசியது)



சபையில் இதைப் பேசலாமா என்று சிலர் தயங்கினார்கள். பேசாமலிருந்து இழந்தது போதும்.

மணிப்பூரில் ஹெராயினை 'நம்பர் ஃபோர்' என்பார்கள். மியான்மர் எல்லை தாண்டி வருவது. 1989 இறுதியில் ஊசி போடுகிறவர்களிடையே நுழைந்த எச்.ஐ.வி., சில மாதங்களிலேயே பரிசோதிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் காணப்பட்டது. அந்நாட்களில் பேச்செல்லாம் வாலிபர்களைப் பற்றியே. பெண்களை யார் எண்ணினார்கள்?

ஒரே ஊசி பல கை மாறும்போது பெண்ணின் முறை பெரும்பாலும் கடைசி. முன்னே போட்டவர்களின் இரத்தம் அதில் ஒட்டியிருக்கும், எச்.ஐ.வி. மாத்திரமல்ல, ஹெபடைட்டிஸ் சி-யும் வரும். அந்த மருந்துக்காகவே உடலை விற்கிறவள், எலும்பெல்லாம் நோக நடுங்கும் வேளையில், ஆணுறை வேண்டுமென்று எப்படி வற்புறுத்துவாள்? வருகிறவனுக்கும் அது தெரியும். வெட்டைநோய் பெண்ணுக்கு அடையாளமே காட்டாமல் உள்ளே இருந்துவிடும், அது எச்.ஐ.வி.க்கு வழி திறக்கும்.

ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வரமாட்டாள். பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயம். அது வீண் பயமென்று எங்களால் சொல்ல முடியவில்லை.

"பாவத்துக்கு ஊசி கொடுக்கிறீர்களா?" என்று ஓர் அன்பர் கேட்டார். சுத்தமான ஊசிக்காக வருகிறவள்தான் பிறகு நாவின்கீழ் வைக்கும் புப்ரெநார்பின் மாத்திரைக்கும் வருகிறாள். 2004 முதல் அரசு எச்.ஐ.வி. மருந்தை இலவசமாகத் தருகிறது. அதைத் தவறாமல் சாப்பிடும் தாயின் குழந்தை பெரும்பாலும் தொற்றின்றிப் பிறக்கிறது.

உங்களிடம் நாங்கள் கேட்பது மருந்துக்கல்ல. பின்வாசலோடு ஓர் அறை. அவள் உள்ளே இருக்கும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா.