ஜீப்பின் பின்னால் தொங்கும் டின்



பழைய ராணுவ ஜீப்பின் பின்னால் ஓர் இரும்பு டின் தொங்கும். பார்த்திருக்கிறீர்களா? அதுதான் ஜெர்ரி கேன். ஜெர்மானியர் செய்தது. 20 லிட்டர் பிடிக்கும். அதற்கு மூன்று கைப்பிடி. நிறைந்த டின்னை இருவர் சேர்ந்து தூக்கலாம். காலி டின் என்றால் ஒரே கையில் இரண்டு!

ஏன் வெளியே மாட்டினார்கள்? பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். வண்டிக்குள் தேங்கி நிற்கும். ஒரு பீடி நெருப்பு போதும். வெளியே என்றால் காற்றில் கலைந்துவிடும். ஆனால், பின்னால் லாரி மோதினால் முதலில் நசுங்குவதும் அந்த டின்தான்.

தாராவியில் பழைய பிளாஸ்டிக் கேன் மலிவுதான். அதில் பெட்ரோல் வேண்டாம், தம்பி. மூடி கசியும். இரும்பு டின்னையும் கழுத்துவரை நிரப்பாதீர்கள். வெயிலில் பெட்ரோல் விரியும். ஊற்றும்போது டின்னை இறக்கித் தரையில் வையுங்கள். வண்டியிலேயே வைத்து ஊற்றினால் மின்பொறி பறக்கலாம்.