ஆறாம் வகுப்பில் பிள்ளை என்னதான் படிக்கிறது?

(நமது சங்கத்தின் மே மாதப் பொதுக்கூட்டத்தில், நம் குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற நடுநிலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குக் கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார். ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைகளின் அம்மா அப்பா நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் முக்கியமாகப் பேசுகிறேன்.

"இன்னிக்கு ஸ்கூல்ல என்ன படிச்சே" என்று கேட்டால் "ஒண்ணுமில்லே" என்றுதான் பதில் வரும். அதனால் புத்தகத்தை நீங்களே ஒருமுறை திறந்து பாருங்கள். 2018-இல் வந்த பாடநூல்கள் இவை. வருஷம் மூன்று பருவம்; செப்டம்பர், டிசம்பர், ஏப்ரல் என்று மூன்று தேர்வு. ஐந்தாவது வரைக்கும் பெரும்பாலும் ஒரே ஆசிரியர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார். ஆறாவதில் பாடத்துக்கு ஒருவர். ஒரு பிள்ளை எல்லாப் பாடத்திலும் பின்தங்குகிறது என்பது ஒருவர் கண்ணிலேயே முழுசாகப் படாமல் போகிற வருஷம் இது.

தமிழில் முதல் பருவத்திலேயே எர்னெஸ்ட் ஹெமிங்வேயின் "கிழவனும் கடலும்" கதையைப் படக்கதையாக வைத்திருக்கிறார்கள். வயதான மீனவர் ஒருவர் பெரிய மீனோடு தனியாகப் போராடுகிற கதை. காசிமேட்டுக்குப் பக்கத்தில் வளர்கிற பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வாத்தியார் தேவையில்லை, தாத்தா போதும். வீட்டில் கடலுக்குப் போன பெரியவர் இருந்தால் பாடத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் தப்பு கண்டுபிடிப்பார், பிள்ளை பதில் சொல்லும். படித்ததைப் புரிந்துகொள்வது அப்படித்தான் வரும். ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. தினம் பத்து வரி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

சமூக அறிவியலின் முதல் பாடம் "வரலாறு என்றால் என்ன?". அதற்கு நம் தெருவை விட்டு வெளியே போகவே வேண்டாம். கொத்தளம் என்றால் கோட்டை மதிலில் பீரங்கி வைப்பதற்காகக் கட்டிய அரண். 1758-59-இல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையை முற்றுகையிட்ட பிறகு, கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஆங்கிலேயர் மதில் எழுப்பினார்கள். அந்த மதிலுக்காக வரி போட நினைத்ததன் மிச்சம்தான் வால்டாக்ஸ் சாலை என்கிற பெயர். நம் சுடுகாட்டில் 1939-இல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் சிறையில் இருந்து உயிர்விட்ட நடராசன், தாளமுத்து இருவருடைய நினைவிடமும் இருக்கிறது. அந்தப் பக்கம் பிள்ளைகளை விடவே பயப்படுகிறோம். பகலில் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் கல்லில் எழுதியிருப்பதைப் படிக்க வையுங்கள். வரலாற்றுச் சான்று என்று புத்தகம் சொல்வது அதைத்தான்.

மூன்றாம் பருவத்தில் உள்ளாட்சி பற்றிய பாடம். சென்னை மாநகராட்சி 1688-இல் ஏற்பட்டது, இந்தியாவிலேயே பழையது என்று பிள்ளை மனப்பாடம் செய்துவிடும். ஆனால் நாம் எந்த வார்டு, குப்பை யார் வேலை, சாக்கடை அடைத்தால் மாநகராட்சியா குடிநீர் வாரியமா என்று கேட்டால் முழிக்கும். நமக்கே பாதிப் பேருக்குத் தெரியாது! அடுத்த முறை 1913-க்குப் புகார் சொல்லும்போது பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பேரிடரைப் பற்றிய பாடமும் மூன்றாம் பருவத்தில்தான், அதாவது ஜனவரிக்கு மேல். நமக்குப் புயலும் வெள்ளமும் வருவதோ நவம்பர், டிசம்பரில். புத்தகம் போட்டவர்கள் வட சென்னையை நினைத்திருந்தால் இதை முன்னால் வைத்திருப்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்து, படகும் வலையும் கறுத்துப்போனதைப் பார்த்தோம். அறிவியலில் "நீர்", "நமது சுற்றுச்சூழல்" என்ற பாடங்களைப் படிக்கும்போது அதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

அறிவியலில் அளவீடுகள், வெப்பம், மின்னியல், செல், மனித உறுப்பு மண்டலங்கள், காந்தவியல் என்று போகிறது. ஒன்று மட்டும் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டும். வளரிளம் பருவத்தைப் பற்றிய பாடம் எட்டாம் வகுப்பில்தான் வருகிறது. உங்கள் பெண் ஆறாவதிலேயே பெரியவளாகி விடலாம். பாடம் வரும் என்று காத்திருக்காமல் முன்னாலேயே சொல்லி வையுங்கள். சடங்கு, விருந்து என்று பதினைந்து நாள் பள்ளிக்கூடத்தை நிறுத்தாதீர்கள். அந்தப் பதினைந்து நாளில் பின்னம் முடிந்து முழுக்கள் ஆரம்பித்துவிடும்.

கணக்குக்கு வருகிறேன். பிள்ளைகள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஐந்தாவது வரைக்கும் எண். ஆறாவதில் எண்ணுக்குப் பதில் எழுத்து வருகிறது, அதுதான் இயற்கணிதம். பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் எண் உண்டு என்கிறார்கள். விகிதம் வருகிறது. பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும், ஆனால் நாம் தினமும் செய்கிற விஷயம்தான். நாலு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து போட்டு அரைக்கிறீர்கள். சொந்தக்காரர்கள் வருகிறார்கள், பத்து டம்ளர் அரிசி போட்டால் உளுந்து எவ்வளவு? இரண்டரை என்று கணக்குப் போடாமலே அளந்துவிடுவீர்கள். அதைப் பிள்ளையின் கையால் அளக்க விடுங்கள். இரண்டாம் பருவத்தில் "பட்டியல், இலாபம் மற்றும் நட்டம்" என்று ஒரு பாடம் இருக்கிறது. ஒரு கூடை மீன் ஏலம் எடுத்து, ஐஸ், ஆட்டோ செலவு போக எவ்வளவு நின்றது என்று ராத்திரி பேசுகிறீர்களே, அந்தப் பேச்சில் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்கு இது எதுவும் ஓடாது. இந்த ஒரு மாத லீவில் பன்னிரண்டாம் வாய்ப்பாடு வரை முடித்துவிடுங்கள்.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். மதிப்பெண்ணில் 60 பருவத் தேர்வுக்கு, 40 வளரறி மதிப்பீட்டுக்கு, அதாவது செயல்திட்டம், சிறு தேர்வு. அந்தச் செயல்திட்டத்தைக் கடையில் சார்ட்டாக வாங்கி, அம்மா வண்ணம் அடித்துக் கொடுத்தால் மதிப்பெண் அம்மாவுக்குத்தான். இன்னொன்று, நம் மாநிலத்தில் எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போடுவதில்லை. அது நல்ல ஏற்பாடு என்பதே என் கருத்து. ஃபெயில் போட்ட காலத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்ளவில்லை, வேலைக்குப் போனார்கள். ஆனால் "பாஸ்" என்று வந்ததைப் பார்த்து நீங்கள் நிம்மதியாக இருந்துவிட்டால், படிக்கத் தெரியவில்லை என்பது ஒன்பதாவதில்தான் தெரியவரும். அதற்குள் பையன் ஒர்க்‌ஷாப்புக்கோ மீன்பிடித் துறைமுகத்துக்கோ போகத் தயாராகி நிற்பான்.

அதனால் இன்றைக்கே வீட்டில் ஒரு சோதனை. தினத்தந்தியில் ஒரு சின்னச் செய்தியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், பிறகு என்ன சொல்லியிருக்கிறது என்று கேளுங்கள். தடுமாறினால் திட்டாதீர்கள், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ஜூன் முதல் வாரத்திலேயே வகுப்பாசிரியரைப் பார்த்துச் சொல்லுங்கள். அரசுப் பள்ளிகளில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு அடிப்படைத் தமிழ், ஆங்கிலம், கணக்கு சொல்லிக்கொடுக்க 2025-இல் "திறன்" என்று ஒரு ஏற்பாடு வந்திருக்கிறது. உங்கள் பிள்ளை அதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

பள்ளியை மாற்ற நினைக்கிறவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் கொண்டுவந்த 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேரும். கல்லூரிக்குப் போகும்போது மாதம் 1,000 ரூபாய் தருகிற புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் ஆறாவதிலிருந்துதான் கணக்குப் பார்க்கின்றன. "ரெண்டு வருஷம் தனியாரில் போட்டுவிட்டு அப்புறம் பார்க்கலாம்" என்று இருப்பவர்கள், விதியை விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். எந்தப் பள்ளி என்பது உங்கள் விருப்பம்.

சங்க அறை மாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை சும்மாதான் கிடக்கிறது. வாரம் மூன்று நாள் நான் வந்து உட்காருகிறேன். கல்லூரியில் படிக்கிற நம் பிள்ளைகள் இரண்டு பேர் கூட இருந்தால் கணக்குக்கு வசதியாக இருக்கும். விருப்பமுள்ளவர்கள் போகும்போது செயலாளரிடம் பெயர் கொடுங்கள். இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.