ஈன்றாளுக்குக் கடன்பட்டவர் யார்?

  

இவ்வட்டத்தில் தாய்மையைப் பாடிய கவிதைகள் பல கேட்டிருக்கிறேன். பேறுகாலச் செலவைப் பாடிய கவிதை ஒன்றுகூடக் கேட்டதில்லை. ஆகவேதான் இத்தலைப்பு.

பொன்முடியாரின் புறப்பாட்டை (312) ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். தாய், தந்தை, கொல்லன், வேந்தன், மகன் என ஆளுக்கொரு கடமையைப் பகிர்ந்தளிக்கும் பாட்டு அது. பெற்றுத் தருவது தாயின் பங்கு. பெறுகிறவளுக்குக் கடன்பட்டவர் யார் என ஒரு மாணவி எழுந்து கேட்டாள். நல்லவேளை, மணி அடித்தது.

விடை திருச்சிராப்பள்ளித் தலபுராணத்தில் உண்டு. காவிரியில் வெள்ளம், தாயால் கரை கடக்க இயலவில்லை, இரத்தினாவதிக்கு இறைவனே தாயாக வந்து பேறு பார்த்துத் தாயுமானவன் ஆனான். உன் வயது என்ன, இஃது எத்தனையாவது பேறு என்று அவன் வினவியதாகப் புராணம் கூறவில்லை.

நம் காலத்தில் அவ்விடத்தில் நிற்க வேண்டியது அரசு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவி அன்று 300 ரூபாய், 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000. ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 2001–03இல் 134 தாய்மாரை இழந்த தமிழகம், 2018–20இல் அதனை 54ஆகக் குறைத்தது. செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையங்கள், 108 ஊர்தி எனப் பலவும் சேர்ந்து செய்த பெருஞ்செயல் அது. குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அந்நிதிக்கு ஒரு விதி உண்டு. 19 வயது நிறைந்தவர்க்கே, முதல் இரு பேறுகளுக்கே. அரசு மருத்துவமனையில் சிகிச்சை மறுக்கப்படுவதில்லை, பணந்தான் மறுக்கப்படுகிறது. இளவயதில் மணம் முடிக்கப்பட்டவளுக்கே பேறுகாலத்தில் ஆபத்து மிகுதி. மூன்றாவதாகக் கருவுற்றவளோ முன்பே இரு குழந்தைகளுக்குச் சோறு போடுகிறவள். பெண்ணின் திருமண வயதை உயர்த்தச் சட்டசபையில் வாதாடிய அம்மையாரின் பெயரிலேயே, அவ்வயதுக்கு முன் மணமுடிக்கப்பட்ட சிறுமியைத் தண்டிப்பது என்ன நியாயம்?

இனி நம் தாம்பரத்துக்கு வருகிறேன். குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் இலவசம் என்பது தெரிந்தும், நெருக்கடிக்கும் ஏச்சுக்கும் அஞ்சித் தனியார் மருத்துவமனைக்குச் செல்வோர் பலர். நானும் சென்றவள்தான். முன்பணம் கட்டிய பிறகே கட்டில் தந்தார்கள். என் வளையல்கள் அன்றிரவு அடகுக்குப் போயின. அறுவை தேவைதானா என்று கேட்க எங்களுக்குத் துணிவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்துத் தனியார் மருத்துவமனைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 64 பேறுகள் அறுவைவழி. அரசு மருத்துவமனைகளில் 36. அறுவை உயிர்காக்கும். எனினும் இந்த இடைவெளி முழுவதும் நோயால் வந்தது என்று நான் நம்பவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெண். மூன்றாவது பேறு. நிதி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். “வேலையை விட்டா அந்த மாசம் யாரும்மா தருவாங்க?” என்கிறாள். இப்போது எட்டு மாதம். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். அவற்றுள் ஒன்று என் வீடு.