சந்தன எண்ணெய்: மணமும் மருந்தும்



மணவீட்டில் சந்தனம், கோயிலில் சந்தனம், வேனிற் கட்டிக்கும் சந்தனம். தமிழர் வாழ்வில் இத்துணை இடம்பெற்ற மரம் வேறொன்று உண்டோ? நாம் குடியேறி வாழும் இக்கன்னட நாடு சந்தனத்திற்குப் பெயர் பெற்றது. ஆகவே அதன் எண்ணெயைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

முதல் உலகப் போருக்கு முன்னர் மைசூர்ச் சந்தனக் கட்டை கப்பலேறி ஜெர்மனிக்குச் சென்றது. அங்கேதான் எண்ணெய் வடிக்கப்பட்டது. 1914-இல் போர் மூண்டதும் அவ்வாணிகம் நின்றது, கட்டைகள் தேங்கின. விசுவேசுவரய்யா திவானாக விளங்கிய காலம் அது. ஆல்பிரட் சாட்டர்டனின் முயற்சியாலும், இந்திய விஞ்ஞானக் கழகத்து அறிஞர்களான சட்பரோ, வாட்சன் ஆகியோரின் ஆராய்ச்சியாலும் 1916-இல் பெங்களூரிலேயே எண்ணெய் ஆலை தோன்றியது. அடுத்த ஆண்டு மைசூரிலும் ஓர் ஆலை எழுந்தது. கட்டை விற்ற நாடு எண்ணெய் விற்கும் நாடாயிற்று.

எண்ணெய் எவ்வாறு பிறக்கின்றது? மரத்தின் வெளிப்பகுதியில் மணமில்லை. வயிரத்திலும் வேரிலும்தான் உண்டு. அவற்றைத் தூளாக்கி நீராவியைச் செலுத்துவர். ஆவி மணப்பொருளைச் சுமந்து வரும். குளிர்ந்தபின் எண்ணெய் நீரினின்று பிரியும். இதன் உயிர்ப்பொருள் சாண்டலால். அதன் ஒரு மூலக்கூறில் கரி அணு 15, நீர்வாயு அணு 24, பிராணவாயு அணு 1 உள்ளன. ஆல்பா, பீட்டா என அஃது இருவகைப்படும். வேப்பெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கொழுப்பு வகையின. சந்தன எண்ணெயோ ஆவியாகும் தைல வகையினது. நல்ல சந்தன எண்ணெய் ஒரு பங்கு, நூற்றுக்கு 70 வீதமுள்ள சாராயம் ஐந்து பங்கில் கரைந்து தெளியும். கொழுப்பெண்ணெய் கலந்திருப்பின் கலங்கிவிடும்.

மருந்தாக, முற்காலத்தில் மேல்நாட்டு மருத்துவரும் சிறுநீர்ப்பாதை நோய்களுக்கு இதனை உட்கொள்ளக் கொடுத்தனர். சல்பா மருந்துகளும் பெனிசிலினும் வந்தபின் அவ்வழக்கம் மறைந்தது. கிருமிகளை ஒடுக்கும் ஆற்றலும் வீக்கத்தைத் தணிக்கும் ஆற்றலும் இதற்கு உண்டென ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. எனினும், சோதனைக்குழாயில் கண்டது நோயாளியின் உடலில் மெய்ப்பட்டதாகாது.

தாய்மார்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். அரைத்த சந்தனம் வேறு; வடித்த எண்ணெய் வேறு. பல கட்டைகளின் சாரம் ஒரு சிறு குப்பியில் அடங்கியிருக்கின்றது. அதனை அப்படியே பூசினால் சிலருக்குத் தோல் தடித்துச் சிவக்கும். மரத்திலிருந்து வந்ததென்பதால் தீங்கற்றதென்று எண்ணலாகாது. யூகலிப்டஸ் தைலத்தைக் குழந்தை விழுங்கினால் வலிப்பு வரக்கூடும். தைலக் குப்பிகள் குழந்தைகளின் கைக்கெட்டாத உயரத்தில் இருக்கட்டும். குழந்தை விழுங்கிவிட்டால் கைவைத்தியம் செய்யாது உடனே மருத்துவரிடம் செல்க.

இறுதியாக, மரத்தைப் பற்றி ஒரு சொல். வேரிலும் எண்ணெய் மிகுதியாதலால் சந்தனத்தை வெட்டுவதில்லை, வேரோடு அகழ்கின்றனர். பிற செடிகளின் வேரைப் பற்றி உணவு கொள்ளும் இம்மரம் வயிரம் பாய்ந்து முதிர முப்பது ஆண்டுகளேனும் வேண்டும். திருட்டாலும் நோயாலும் காடுகளில் இஃது அருகிவிட்டது. நெடுங்காலம் அரசுடைமையாக இருந்த இம்மரம், கர்நாடகத்தில் 2001-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் நிலவுடைமையாளர்க்கே உரியதாயிற்று. வெட்டுவதற்கு இசைவு வேண்டும். நிலமுள்ள அன்பர்கள் ஊரிலோ இங்கோ துவரை போன்ற துணைச்செடியுடன் ஒரு கன்றேனும் நடுவார்களாக. நம் பேரர் மணவிழாவில் சந்தனக் கிண்ணம் வெறுங்கிண்ணமாக இருத்தலாகாது.