கைமாறிய துப்பாக்கியும் கைகூடாத உடன்பாடும்



துப்பாக்கி என்ற சொல் ஈழத்திலிருந்து பெயர்ந்து வந்த பெற்றோரின் செவியில் ஒலிப்பது ஒரு விதம். கனடாவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் செவியில் ஒலிப்பது வேறு விதம். முன்னவர்க்கு அது சோதனைச் சாவடியையும் இடப்பெயர்வையும் நினைவூட்டுகிறது. பின்னவருள் சிலர்க்கோ அது இலையுதிர்கால மான் வேட்டைக்கும் இலக்குச் சூட்டுப் பயிற்சிக்கும் உரிய ஒரு கருவி. இந்த இடைவெளியால் வீட்டில் இது பற்றிய பேச்சே எழாமற் போவதுண்டு. வீட்டில் பேச இயலாத ஐயத்தைப் பிள்ளை நண்பரிடம் கேட்கும். நண்பர் சொல்வது சட்டமாகிவிடாது.

தனியார் ஒருவரிடமிருந்து பழைய வேட்டைத் துப்பாக்கியை வாங்குவதைக் கனடியச் சட்டம் தடை செய்யவில்லை. ஆயினும் அது பழைய மகிழுந்தையோ தளபாடத்தையோ வாங்குவது போன்றதன்று. வாங்குபவர் பாதுகாப்புப் பயிற்சியில் தேறி, 1995ஆம் ஆண்டின் சுடுகலன் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். 2022 மே 18 முதல், சாதாரண நீள்துப்பாக்கியை விற்பவரும் வாங்குபவரின் அனுமதிப்பத்திர விவரத்தைச் சுடுகலன் பதிவாளரிடம் கொடுத்துச் சரிபார்த்து, ஒரு குறிப்பு இலக்கம் பெற்ற பின்னரே பொருளைக் கையளிக்கலாம். அவ்விலக்கம் 90 நாட்களுக்கே செல்லுபடியாகும். கைத்துப்பாக்கியின் நிலை வேறு. 2022 ஒக்டோபர் 21 முதல், மிகச் சில விதிவிலக்குகள் நீங்கலாக, தனியாரிடையே அதன் கைமாற்றம் நிறுத்தப்பட்டுள்ளது. 2020 மே 1 அன்று சுமார் 1,500 வகைத் துப்பாக்கிகள் தடை செய்யப்பட்டன. 2024இலும் 2025இலும் மேலும் பல வகைகள் அப்பட்டியலிற் சேர்க்கப்பட்டன. ஆகவே விலை பேசுமுன் அத்துப்பாக்கி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அறிதல் வேண்டும்.

இத்தகைய விற்பனையிற் பிணக்கு எழுந்தால் என்ன செய்வது என்பதே இவ்வுரையின் பொருள்.

ஒன்ராறியோவில் வாழும் ஓர் இளைஞர், முறைப்படி அனுமதிப்பத்திரம் பெற்று, விளம்பரம் ஒன்றைப் பார்த்து 900 டொலருக்கு ஒரு பழைய துப்பாக்கியை வாங்கினார் எனக் கொள்க. வீட்டுக்குக் கொணர்ந்து பார்க்கையிற் குழலின் உட்புறம் துருவேறியிருக்கிறது. விற்றவரோ தொலைபேசியை எடுப்பதில்லை. இளைஞருக்குச் சினம் மூள்கிறது. அவர் எடுக்கும் அடுத்த அடியே அவருடைய வருங்காலத்தைத் தீர்மானிக்கக் கூடியது.

முதலில் பிணக்கின் தன்மையைப் பிரித்தறிய வேண்டும். பொருளின் தரம் பற்றிய பிணக்கு ஒரு வகை. ஒன்ராறியோவின் பொருள் விற்பனைச் சட்டம் தரம் பற்றித் தரும் உள்ளார்ந்த காப்பு, அப்பொருளில் வணிகம் செய்வோர் விற்கும்போதே பெரிதும் பொருந்தும். தனியாரிடம் வாங்குபவர் தாமே நன்கு பார்த்து வாங்கக் கடமைப்பட்டவர். பொருளின் விவரிப்புப் பற்றிய பிணக்கு இன்னொரு வகை. 'குழல் துருவற்றது' என விற்பவர் எழுதியிருந்து அது பொய்யாயின், அவர் தனியாரானாலும் பொறுப்பிலிருந்து எளிதில் தப்ப இயலாது. எனவே விளம்பரத்தின் பிரதியும் பரிமாறிய செய்திகளும் பொன்போற் காக்கப்பட வேண்டியவை. மூன்றாவது, உரிமை பற்றிய பிணக்கு. களவு போன பொருளை விற்பவரிடம் உரிமை இல்லை. இல்லாத உரிமையை அவரால் மாற்றிக் கொடுக்கவும் முடியாது. அந்த ஐயம் எழுந்தால் துப்பாக்கியை விற்றவரிடம் திருப்பிக் கொடுக்கலாகாது. காவல் நிலையத்துக்குத் தாமே சுமந்து செல்லவும் ஆகாது. காவற்றுறைக்குத் தொலைபேசியில் அறிவித்து, அவர்கள் சொல்வதன்படி நடத்தலே தகும்.

இங்கு பலர் அறியாத உண்மை ஒன்றுண்டு. பணத்தைத் திரும்பப் பெற்றுப் பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் சட்டத்தின் கண்ணில் இன்னொரு கைமாற்றமே. அதற்கும் விற்றவரின் அனுமதிப்பத்திரம் சரிபார்க்கப்பட்டுப் புதிய குறிப்பு இலக்கம் பெறப்படல் வேண்டும். ஊர் வழக்கப்படி பெரியவர் ஒருவர் நடுவிலிருந்து, 'பொருளை இவரிடம் தந்துவிடு, பணத்தை நான் வாங்கித் தருகிறேன்' என்று முடித்து வைப்பது நல்லெண்ணத்தாற் செய்யப்படுவதே. ஆயினும் அனுமதிப்பத்திரம் இல்லாத அந்தப் பெரியவரின் கையில் துப்பாக்கி ஒப்படைக்கப்படும் கணத்தில், 900 டொலர்ப் பிணக்கு குற்றவியல் வழக்காக மாறிவிடக் கூடும். பெரியவர்கள் பேச்சை இணக்கலாம், பொருளைத் தொடலாகாது.

நேர்வழி எளியது. குறை என்ன, கேட்பது என்ன, எந்நாளுக்குள் என்பதை மரியாதையான சொற்களில் எழுதி அனுப்புதல் முதற்படி. துப்பாக்கி பழுதுபார்க்கும் வல்லுநரிடம் குறையை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்வது அதற்கு வலுச் சேர்க்கும். இணக்கம் ஏற்பட்டால் இருவரும் ஒப்பமிட்ட தாள் அவசியம். ஏற்படாவிடின், 'ஸ்மோல் கிளெய்ம்ஸ் கோர்ட்' எனப் பலரும் அறிந்த சிறு வழக்கு நீதிமன்றம் உண்டு. 2025 ஒக்டோபர் முதல் அங்கு 50,000 டொலர் வரையிலான வழக்குகளைத் தொடுக்கலாம். சட்டத்தரணி இன்றித் தாமே வாதாடலாம். எதிராளி மறுப்புத் தாக்கல் செய்தால், விசாரணைக்கு முன் இருதரப்பையும் அமர்த்தி இணக்கம் தேடும் கலந்தாய்வும் நடைபெறும். குறையை அறிந்த நாளிலிருந்து பொதுவாக 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்தாக வேண்டும்.

செய்யத் தகாதவையும் உள. நண்பர்களைத் திரட்டி விற்றவரின் வீட்டுக்குச் செல்லுதல், மிரட்டும் செய்தி அனுப்புதல், நட்டத்தை ஈடுசெய்ய அனுமதிப்பத்திரம் அற்ற ஒருவருக்கு அதனைத் தள்ளிவிடுதல் ஆகியவை யாவும் பாதிக்கப்பட்டவரையே குற்றவாளி ஆக்குவன. குடியுரிமை பெறாத நிரந்தர வதிவாளர் ஒருவர் பாரதூரமான குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டால், அவர் நாட்டைவிட்டு வெளியேற்றப்படும் நிலையும் உருவாகலாம். அகதியாக வந்து பெற்ற வாழ்வை 900 டொலருக்காகப் பணயம் வைப்பதா?

பெற்றோர்களே, பிள்ளை இத்துறையில் நாட்டம் கொண்டால் முகம் திருப்பாது, அனுமதிப்பத்திரம் எங்கே, குறிப்பு இலக்கம் எங்கே, பற்றுச்சீட்டு எங்கே என்று கேளுங்கள். இளையோர்களே, அக்கேள்வியை அவநம்பிக்கையாகக் கொள்ளாதீர்கள். துப்பாக்கி தந்த துயரை அறிந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. விடை கையில் இருப்பின், பிணக்கு எழுந்த நாளில் அஞ்ச வேண்டியது ஏதுமில்லை.