எந்த ஓடைக்கரையில் உறங்கினார்?

ஒருசெல் ஒட்டுண்ணிகளையும் அவை மனிதருக்குத் தரும் நோய்களையும் ஆராய ஒரு கருத்தரங்கு ஈப்போவில் கூடுவது பொருத்தம். சுங்கை சிப்புட் முதல் தெலுக் இந்தான் வரை இந்நகரைச் சுற்றி ஒரு காலத்தில் பால்மரத் தோட்டங்கள் விரிந்து கிடந்தன. விடியுமுன் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்ற தமிழருக்கு, இந்த ஒட்டுண்ணிகளைக் குறிக்கும் புரோட்டோசோவா என்ற சொல் தெரியாது. குளிர்காய்ச்சல் தெரியும். பல் கிட்டிக்கும் நடுக்கம், பிறகு அனல், பிறகு உடல் நனைக்கும் வேர்வை, ஒருநாள் விட்டு ஒருநாள் அது திரும்பி வரும் முறை எல்லாம் தெரியும். கொய்னா மருந்தின் கசப்பும் தெரியும்.

1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ மருத்துவர் லவரான் அந்தக் காய்ச்சலின், அதாவது மலேரியாவின், ஒட்டுண்ணியை நோயாளியின் இரத்தத்தில் கண்டார். 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் அது கொசுவின் வயிற்றுச் சுவரில் வளர்வதைக் கண்டார். பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இரண்டு பெயர்களோடு நின்றுவிடும். மலாயாவின் கதையோ அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

1901இல் கிள்ளான் வட்டாரத்து அரசு மருத்துவராக மால்கம் வாட்சன் வந்தபோது ஊரே மலேரியாவில் கிடந்தது. அவர் சதுப்பு நிலத்தை வெட்டித் துப்புரவாக்கி, நீரை வடிய வைத்தார். அந்த ஆண்டு கிள்ளான் நகரிலிருந்து மலேரியாவோடு மருத்துவமனைக்கு வந்தவர்கள் 334 பேர். 1903இல் 48 பேர். சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் 188 என்ற எண்ணிக்கை 21ஆக இறங்கியது. வேலை நடக்காத சுற்றுப்புறங்களில் காய்ச்சல் தணியவில்லை என்பதும் அவர் கணக்கிலேயே இருக்கிறது. அதனால்தான் அந்தக் கணக்கை நம்ப முடிகிறது.

மலைத்தோட்டங்களில் இதே முறை எதிராகத் திரும்பியது. கரையோரச் சதுப்பில் நோய் பரப்பிய அனாபிலிஸ் அம்ப்ரோசஸ் கொசு நிழல் விரும்பி. காட்டை வெட்டினால் ஒழியும். மலையடிவாரத்தில் நோய் பரப்பிய அனாபிலிஸ் மாகுலேட்டஸோ வெயில் படும் தெளிந்த ஊற்றுநீரில் முட்டையிடும். பால்மரம் நடுவதற்காகக் காட்டை அழித்தபோது, அதுவரை இருண்டு கிடந்த ஓடைகளில் வெளிச்சம் விழுந்தது. தண்ணீர் வசதிக்காகத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் அந்த ஓடைகளின் பக்கத்திலேயே எழுந்தன. காட்டை வெட்டியவர்களும் அங்கே உறங்கியவர்களும் ஒரே ஆட்கள். எங்கே உறங்குவது என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

வாட்சன் தோட்டம் தோட்டமாகப் போய்க் குழந்தைகளின் மண்ணீரலைத் தொட்டுப் பார்த்தார். வீங்கிய மண்ணீரல் மலேரியாவின் பழைய அடையாளம். லயத்துக்கும் சதுப்புக்கும் எவ்வளவு தூரம், லயத்துக்கும் ஓடைக்கும் எவ்வளவு தூரம் என்று அந்த வீக்கத்தோடு ஒப்பிட்டார். எந்தக் கொசு எந்த நீரில் வளர்கிறதோ அதை மட்டும் குறிவைத்துத் தடுக்கும் முறை இப்படித்தான் உருவானது: மலை ஓடைகளின் நீரை மண்குழாய்கள் வழியே நிலத்தடியில் கொண்டுபோவது, தேங்கும் இடங்களில் எண்ணெய் தெளிப்பது. உலக வெப்பமண்டல மருத்துவம் மலாயாவிடம் கற்ற பாடம் இது. பெரும்பாலும் தமிழ்க் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுக் கற்ற பாடம். அந்தக் குழந்தைகள் நூல்களில் விழுக்காடாக மட்டுமே மிஞ்சியிருக்கிறார்கள். குழாய் புதைக்கச் செலவு அதிகம், கொய்னா மலிவு. பல தோட்ட நிர்வாகங்கள் மலிவானதோடு நிறுத்திக்கொண்டன.

இது முடிந்துபோன வரலாறு என்று கருத இடமில்லை. மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா 2018 முதல் பதிவாகவில்லை. அதே 2018இல் குரங்கு மலேரியா 4,000க்கும் மேற்பட்டோரைப் பிடித்தது. அதன் ஒட்டுண்ணி பிளாஸ்மோடியம் நோலசி. நீண்டவால் குரங்கிலும் பன்றிவால் குரங்கிலும் வாழ்வது. 1932இல் கல்கத்தாவில் ஆய்வாளர்கள் நோல்ஸும் தாஸ் குப்தாவும் அதை மனித இரத்தத்தில் செலுத்தி, மனிதரையும் தொற்றும் என்று காட்டினார்கள். இயற்கையாகத் தொற்றியதாக அறியப்பட்ட முதல் மனிதர், 1965இல் பகாங் காட்டில் வேலை பார்த்துவிட்டு நாடு திரும்பிய ஓர் அமெரிக்க நில அளவையாளர். அதன்பின் பகாங் மக்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்தும் வேறு எவரும் அகப்படவில்லை. அபூர்வ நிகழ்வு என்று கோப்பு மூடப்பட்டது.

அதைத் திறந்தவர்கள் ஆய்வாளர்கள் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும். சரவாக்கின் காப்பிட்டில் 'பிளாஸ்மோடியம் மலேரியே' வகை என்று நுண்ணோக்கி சொன்ன நோயாளிகளின் போக்கு அந்த வகைக்குப் பொருந்தவில்லை. மரபணுச் சோதனை செய்து 2004இல் முடிவை வெளியிட்டார்கள்: 208 பேரில் 120 பேருக்கு நோலசி. கண்ணாடித் துண்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் மலேரியே இரத்தத்தில் பெருக 72 மணி நேரம் எடுக்கும். நோலசிக்கு 24 மணி நேரம் போதும். ஒவ்வொரு நாளும் பெருகுவதால் சிகிச்சை ஓரிரு நாள் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து. 2008இல் பூச்சியியலாளர் இந்திரா வைத்திலிங்கமும் குழுவினரும், தீபகற்ப மலேசியாவிலும் மனிதர், குரங்கு, கொசு மூன்றிலும் இந்த ஒட்டுண்ணி இருப்பதைக் காட்டினார்கள். காடழிந்த ஊர்ப்புறங்களுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை சபா ஆய்வுகள் வரைபடமாகவே தந்திருக்கின்றன. வாட்சன் பார்த்த அதே காட்சி. கொசு வேறு, பயிர் வேறு, கூலிக்கு வருகிறவர் வேறு.

நோயாளி எங்கே போயிருந்தார் என்று கேட்பது ஏன் முக்கியம் என்பதற்கு, மலேரியா அல்லாத வேறொரு ஒட்டுண்ணியின் வழியே, பேராக் மாநிலத்துக்கே உரிய ஒரு சான்றும் உண்டு. 2012 ஜனவரியில் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களுமாக 92 பேர் பங்கோர் தீவுக்குப் போனார்கள். திரும்பியபின் 89 பேருக்குக் காய்ச்சலும் கடும் தசைவலியும் வந்தன. தணிந்த காய்ச்சல் சிலருக்குத் திரும்பி வந்தது. சிலருக்கு முகம் வீங்கியது. இரண்டு மாணவர்களின் தசைத் துணுக்கிலிருந்து சார்கோசிஸ்டிஸ் நெஸ்பிட்டி கிடைத்தது. பாம்பின் குடலில் வளரும் ஒட்டுண்ணி இது என்று கருதப்படுகிறது. பாம்பின் கழிவு கலந்த நீரோ உணவோ வழியாக வந்திருக்கக்கூடும். ஒவ்வொருவரும் தனித்தனி மருத்துவமனைக்குப் போய், எங்கே போயிருந்தார் என்று எவரும் கேட்காமல் விட்டிருந்தால், 89 தனித்தனிக் காய்ச்சல்களாகவே இது மறைந்திருக்கும். 1992இல் கே.டி. வோங்கும் ஆர். பத்மநாதனும் பிணப்பரிசோதனையில் எடுத்த 100 நாக்குகளைச் சோதித்து, 21இல் சார்கோசிஸ்டிஸ் உறைகளைக் கண்டார்கள். இத்தொற்று நம்மிடையே எவ்வளவு சாதாரணம் என்று பங்கோர் நிகழ்வுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது.

அமீபா சீதபேதியைப் பற்றி அதிகம் சொல்ல நேரமில்லை. ஆனாலும் தோட்டத்து மரணங்களில் காய்ச்சலுக்குப் பக்கத்திலேயே வயிற்றுக்கடுப்பும் நின்றது என்பதை மறக்கலாகாது. இன்றும் ஓராங் அஸ்லி கிராமங்களில் நடக்கும் ஆய்வுகள் அமீபாவையும் ஜியார்டியாவையும் காட்டிக்கொண்டே இருக்கின்றன. இவற்றின் உறைகள் குளோரினுக்கு எளிதில் சாகாதவை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சாகும். குழாய்நீர் போகாத ஊருக்கு அதைச் சொல்லிவிட்டு வருவது மட்டும் மருத்துவம் ஆகாது.

மருத்துவமனைப் படிவத்தில் பெயர், வயது, அடையாள அட்டை எண், முகவரி இருக்கின்றன. 'சென்ற ஒரு மாதத்தில் எங்கே வேலை செய்தார், இரவில் எங்கே உறங்கினார், எந்தத் தண்ணீரைக் குடித்தார்' என்ற கேள்விக்கும் அதில் ஒரு வரி வேண்டும். இக்கருத்தரங்கு அதைத் தீர்மானமாகவே எடுக்கலாம். செம்பனைத் தோட்டத்து இந்தோனேசியரிடமும் வங்கதேசத்தவரிடமும் அவரவர் மொழியில் அது கேட்கப்பட வேண்டும்.

இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. மூடப்பட்ட தோட்டங்களிலிருந்து இந்நகரின் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த முதியவர்கள் இருக்கிறார்கள். எந்த ஓடையில் வாரந்தோறும் எண்ணெய் தெளித்தார்கள், எந்த லயத்தில் காய்ச்சல் ஓயாமல் இருந்தது என்று அவர்களால் இன்னும் விரல் நீட்டிக் காட்ட முடியும். அவர்களில் பலருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீடு தேடிப் போக முன்வரும் மாணவர்கள், மதிய இடைவேளையில் இம்மேடைக்கு வந்து பெயர் கொடுக்கலாம்.