வெள்ளிவீதியார்க்கு ஒரு சாட்சி

(தீவகத்து வாசகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவு)



வேலி வழக்கும் காணி வழக்கும் பேசிப் பழகிய நம்மைக் காதற் கவிதை பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். வழக்கறிஞன் எப்பொழுதும் கேட்கும் முதற் கேள்வியையே இங்கும் கேட்போம்: சொல்பவர் யார்?

சங்க அகப்பாடல்களிற் பெரும்பாலும் பேசுவோர் தலைவியும் தோழியுமே. ஆயின் அவற்றுட் பெரும்பாலானவற்றை இயற்றியோர் ஆடவர். நீதிமன்ற மொழியிற் கூறின், சத்தியக்கடதாசி பெண்ணுடையது, வரைந்தவர் வேறொருவர். மிக நன்றாகவே வரைந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. நம் ஈழத்துப் பூதன்தேவனாரும் அவருள் ஒருவர்.

எனினும் பெண்ணே இயற்றிய பாடல்களும் உள. ஔவையார், ஒக்கூர் மாசாத்தியார், அள்ளூர் நன்முல்லையார், வெள்ளிவீதியார் எனப் பலர். சங்கப் பெண்பாற் புலவர் முப்பதின்மர் என்பாரும் நாற்பதின்மர் என்பாரும் உளர். இவருள் வெள்ளிவீதியார்பால் சற்று நிற்க விரும்புகிறோம்.

அகத்திணையில் ஒருவரது இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பிய விதி. தன் வேட்கையைத் தலைவன் முன் தலைவி வாய்விட்டுரைத்தல் மரபன்று என்பது மற்றொரு விதி. வெள்ளிவீதியாரோ தமக்கும் உதவாது, காதலனுக்கும் பயன்படாது அழியும் அழகைப் பாடினார். பிரிந்தவனைத் தேடும் ஏக்கத்தைப் பாடினார். அது தலைவியென்னும் பாத்திரத்தின் கூற்றேயன்றிப் புலவரின் கூற்றன்று என வாதிடலாம். ஆனால் அகநானூற்று 147ஆம் பாடலில் ஔவையார், வெள்ளிவீதியைப் பெயர் சொல்லியே சுட்டி, அவளைப் போலத் தானும் புறப்பட எண்ணியதாகத் தலைவியைப் பேசவைக்கிறார். உவமையாய் வந்தமையால் விதி மீறப்படவில்லை என உரைகாரர் காக்கலாம், காக்கட்டும். பெயர் பதிவாகிவிட்டது. ஒரு பெண்ணின் காதலுக்கு மற்றொரு பெண் ஏட்டிற் கூறிய சாட்சியம் அது. எந்தக் குறுக்கு விசாரணைக்கும் இன்றுவரை அசையவில்லை.

பின்னர் ஆண்டாள் வந்தார். நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் அவர் உடலின் வேட்கையை மறைக்கவில்லை. காதலன் கண்ணனாதலால் உலகம் பொறுத்துக்கொண்டது. திருப்பாவை ஒலிக்கும் வீடுகள் யாவற்றிலும் இந்நூல் ஒலிக்கிறதா என்பது வேறு கேள்வி. அதன்பின் நெடுங்காலம், பெண்ணின் குரல் தாலாட்டிலும் ஒப்பாரியிலுமே பெரிதும் வாழ்ந்தது. அவற்றைக் கட்டியவள் பெயரைக் கேட்பாரில்லை.

கடல் சூழ்ந்த இத்தீவகத்தார்க்கு நெய்தல் திணையை விளக்க உரையாசிரியர் வேண்டியதில்லை. கொழும்பிற் கடை நடத்தப் போனவனுக்கும், பின்னாளிற் பாரிசுக்கும் தொறொன்ரோவுக்கும் போனவனுக்கும் நம் பெண்கள் காத்திருந்தது இக்கரையிலேதான்.

நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, நம்மைக் காண வந்த தாயொருவரின் கதை இது. சீதனமாகப் பெற்ற சிறு காணி. உறுதி அவர் பெயரில். மகளின் படிப்புக்காக அதை விற்க வேண்டும். நொத்தாரிசு கணவனின் கையொப்பம் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். கணவன் எந்நாட்டில் என்பதே தெரியாது. தன்னுடையதை விற்பதற்கு அவரை எங்கே போய்த் தேடுவேன் என்று அத்தாய் கேட்டபோதுதான், நாம் வெள்ளிவீதியாரை உண்மையாக விளங்கிக்கொண்டோம்.

நொத்தாரிசு மேற் பிழையில்லை. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை சீதனத்தைப் பெண்ணின் சொத்தாகவே கொண்டது. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 6ஆம் பிரிவு, தன் அசையாச் சொத்தை அவள் உயிரோடிருக்கையில் கைமாற்றக் கணவனின் எழுத்துச் சம்மதத்தை விதித்தது. மரணசாசனத்துக்கு அது வேண்டியதில்லையாம்! செத்தபின் பேசலாம் என்ற சலுகை. கணவன் கைவிட்டுச் சென்றிருந்தால் மாவட்ட நீதிமன்று சம்மதத்துக்கு ஈடாக ஆணை தரலாம். அதற்கும் மனு, செலவு, தவணை.

காதலில் வாய்திறக்க இடந்தராத சமூகம் காணியில் இடந்தருமென எதிர்பார்த்தல் எங்ஙனம்? 1986இல் யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டம் ‘சொல்லாத சேதிகள்’ என்னும் தொகுதியை வெளியிட்டது. எழுதியோர் பத்துப் பெண்கள். போர்க்காலத்தில் அன்பனைப் பிரிந்திருத்தலை ஊர்வசி எழுதினார். ஆடவர் பார்வையில் தனக்கு உடலன்றி முகமில்லையென்பதைச் சங்கரி எழுதினார். இங்கே சத்தியக்கடதாசியும் அவர்களுடையதே, கையெழுத்தும் அவர்களுடையதே. அத்தொகுதியில் எழுதிய சிவரமணி 1991 மே மாதம் தம் கவிதைகளை எரித்து, உயிரையும் மாய்த்துக்கொண்டார். அவ்வாண்டிலேயே கவிஞர் செல்வியை விடுதலைப் புலிகள் கொண்டுசென்றனர், அவர் மீளவில்லை. தமிழர் உரிமை பேசும் நாம் இவ்விரு பெயர்களையும் விழுங்கிவிட்டுப் பேச முடியாது.

6ஆம் பிரிவைத் திருத்தக் கோரும் மனு வாயில் மேசையில் இருக்கிறது. கணவன்மாரும் கையொப்பமிடலாம், மனைவியின் சம்மதம் தேவையில்லை.

இன்னுமொன்று. நிகழ்ச்சிநிரலிற் பேச்சாளர் ஐவரும் ஆடவர். நன்றியுரை மட்டும் ஒரு சகோதரிக்கு. அவர் கவிதை எழுதுபவர் என அறிந்தோம். தலைவர் அவர்கள் நமக்கு ஒதுக்கிய நேரத்திற் பத்து நிமிடம் எஞ்சியிருக்கிறது. அதை அவருக்கு விட்டு அமர்கின்றோம்.